பூமி சூடாகும்போது பெருமழை எப்படி மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்காவது ஒரு பெருமழை கொட்டி ஓய்ந்ததும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. மாணவர்கள், பொறியாளர்கள், செய்தி பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் என்று யாராக இருந்தாலும் சுற்றிச் சுற்றி இதே இடத்துக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். சொன்னதையே திரும்பச் சொல்லாமல் முந்தைய பதிலைச் சுட்டிக்காட்ட வசதியாக இருக்கட்டும் என்று எண் போட்டிருக்கிறேன்.

1. எவ்வளவு பெஞ்சா அதைப் பெருமழைன்னு சொல்லலாம்?

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 லிட்டர் தண்ணீர். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மி.மீ. பெய்தால் அது 10 கோடி லிட்டர். இந்தக் கணக்கு தெரிந்தால் செய்தியில் வரும் எண்ணின் கனம் புரியும்.

எல்லை எது என்பதை இரண்டு விதமாக வகுக்கிறார்கள். ஒன்று, நிலையான ஓர் அளவு. இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 204.5 மி.மீ.யும் அதற்கு மேலும் பெய்வதை அதிகனமழை என்கிறது. எச்சரிக்கை கொடுக்க இது வசதி. ஆனால் வறண்ட பகுதியில் 50 மி.மீ.யே ஊரைப் புரட்டிப் போட்டுவிடும். ஈரமான மலைச்சரிவில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் காலநிலை ஆய்வில், அந்தந்த இடத்துக்கு எது அரிதோ அதைத்தான் பார்ப்பார்கள்: ஆண்டிலேயே அதிகம் பெய்த நாள், அல்லது சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைநாள். கீழே நான் பெருமழை என்று சொல்வது இந்தப் பொருளில்தான்.

2. சூடு கூடினா எல்லாம் காஞ்சுதானே போகணும்? மழை ஏன் கூடணும்?

காய்வதும் நடக்கும், கொட்டுவதும் நடக்கும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வெப்பம் ஏற ஏற, காற்றில் நீராவியாக இருக்கக்கூடிய தண்ணீரின் உச்ச அளவும் ஏறுகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவி இருக்கலாம். 30 டிகிரியில் சுமார் 30 கிராம். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 சதவீதம் என்று கணக்கு. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் கிளாப்பிரான், கிளாசியஸ் என்ற இருவர் வகுத்த விதி. இன்றும் அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது.

கடல் இருக்கும்வரை நீராவிக்குப் பஞ்சமில்லை. கடல்மேல் காற்று சூடானால் இந்த விதி சொல்லும் அளவை ஒட்டியே ஈரமும் ஏறுகிறது. செயற்கைக்கோள் அளவீடுகளும் அதைக் காட்டுகின்றன. நிலத்தில் கதை வேறு. அங்கே சூடான காற்று மண்ணின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஆனால் மண்ணில் இருப்பு அளவாகத்தான் இருக்கும். அதனால் மழையில்லாத நாட்களில் நிலம் முன்பைவிட வேகமாகக் காய்கிறது. மழைக்கான சூழல் கூடிவிட்டால் முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது.

3. அப்போ ஒரு டிகிரிக்கு 7 சதவீதம் மழை கூடும்னு எடுத்துக்கலாமா?

மொத்த மழைக்கு அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. குழப்பத்தில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. உலகம் முழுவதற்குமான சராசரி மழை ஒரு டிகிரிக்கு 1 முதல் 3 சதவீதம்தான் கூடும். ஏனென்றால் மொத்த மழையைக் கட்டுப்படுத்துவது நீராவி அல்ல, ஆற்றல். நீராவி குளிர்ந்து மழைத்துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பத்தை வளிமண்டலம் கதிர்வீச்சாக வெளியே அனுப்பியாக வேண்டும். அப்படி அனுப்பும் திறன் மெதுவாகத்தான் வளர்கிறது. ஆகவே உலகத்தின் மொத்த மழையும் மெதுவாகத்தான் வளர முடியும்.

ஒரு தனி மழைமேகக் கூட்டத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. தலைக்கு மேலே உள்ள காற்று முழுவதிலும் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கினால் உலகச் சராசரியில் சுமார் 25 மி.மீ.தான் தேறும். அப்படியிருக்க ஒரே நாளில் 300 மி.மீ. எப்படிப் பெய்கிறது? மழைமேகக் கூட்டம் சுற்றிலும் பல நூறு கிலோமீட்டரிலிருந்து ஈரக்காற்றை இழுத்து ஓர் இடத்தில் இறக்குகிறது. இழுத்து வரும் காற்றில் 7 சதவீதம் கூடுதல் ஈரம் இருந்தால், இறங்கும் மழையும் ஏறக்குறைய அந்த அளவு கூடும்.

இனி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மொத்தம் கொஞ்சம்தான் கூடுகிறது. உச்சம் நிறையக் கூடுகிறது. அப்படியானால் வேறெங்கோ குறைந்தாக வேண்டும். மிதமான மழை குறைகிறது, மழைக்கு நடுவே வரும் வறண்ட இடைவெளி நீள்கிறது. பூமி சூடாவதால் மழையில் வரும் மாற்றத்தில் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: ஆண்டு மொத்தம் பெரிதாக நகராமலே மழையின் குணம் மாறிவிட முடியும்.

4. வெறும் 7 சதவீதம்தானே சார். 100 பெய்யுற இடத்துல 107. இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கணக்கு தெரிந்தவர்கள். அதனால் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். ஒரு தேர்வில் எல்லோருக்கும் 5 மதிப்பெண் கூடுதலாகப் போட்டால் சராசரி 5 மட்டுமே உயரும். ஆனால் 95-க்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் அது பல மடங்காகியிருக்கும். விளிம்பில் கூட்டம் குறைவு. சின்ன நகர்வுக்கே அங்கே எண்ணிக்கை தாவும்.

மழையிலும் அதுதான். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2021-இல் தந்த எண்கள் இவை. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலநிலையில் நிலப்பகுதியில் 10 ஆண்டுக்கு ஒருமுறை வந்த ஒருநாள் பெருமழையை எடுத்துக்கொள்வோம். அறிக்கை இன்றைய நிலை என்று எடுத்துக்கொண்டது சுமார் 1 டிகிரி சூட்டை. அதற்கே அந்த மழை 10 ஆண்டில் 1.3 முறை வருகிறது, அளவும் 6.7 சதவீதம் கூடியிருக்கிறது. 1.5 டிகிரியில் 1.5 முறை, 10.5 சதவீதம். 2 டிகிரியில் 1.7 முறை, 14 சதவீதம். 4 டிகிரிக்குப் போனால் 2.7 முறை, 30.2 சதவீதம். இன்னும் அரிதான மழைக்கு, அதாவது 50 ஆண்டுக்கு ஒருமுறை வந்தவற்றுக்கு, இந்த மடங்கு இன்னும் வேகமாக ஏறும்.

அப்புறம் இன்னொன்று. மழை 7 சதவீதம் கூடினால் தெருவில் நிற்கும் தண்ணீர் 7 சதவீதம் கூடுவதில்லை. மண் ஓர் அளவு உறிஞ்சும், வடிகால் ஓர் அளவு கடத்தும். அந்த எல்லை வரைக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு லிட்டரும் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். 100 மி.மீ. தாங்கும் வடிகாலுக்கு 100-க்கும் 107-க்கும் உள்ள வேறுபாடு, வெள்ளம் இல்லை என்பதற்கும் உண்டு என்பதற்கும் உள்ள வேறுபாடு.

5. இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. நிஜமா அளந்து பாத்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். 1950-களுக்குப் பிறகு, போதுமான பதிவுகள் உள்ள நிலப்பகுதிகளில் பெரும்பாலானவற்றில் பெருமழையின் எண்ணிக்கையும் அளவும் கூடியிருக்கின்றன என்பதும், அதற்கு மனிதச் செயல்பாடே முக்கியக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி என்பதும் மேலே சொன்ன அறிக்கையின் முடிவு. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல பகுதிகளுக்கு நீண்ட மழைப்பதிவு இல்லை. அங்கே மழை மாறவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

ஒரே ஊரின் மழைமானியை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தேடாதீர்கள். பெருமழை எப்போதோ வருவது; ஓர் இடத்தில் 60 ஆண்டுப் பதிவில்கூட ஐந்தாறு பெரிய நிகழ்வுதான் இருக்கும். அதில் போக்கு தெரியாது. ஆயிரக்கணக்கான நிலையங்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகும். மத்திய இந்தியா நல்ல எடுத்துக்காட்டு. பி.என். கோஸ்வாமி குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 1951 முதல் 2000 வரை பருவமழையில் கனமழை நிகழ்வுகள் கூடியிருந்தன, மிதமான மழை குறைந்திருந்தது, மொத்த மழையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 3-ஆம் பதிலில் சொன்ன அதே சித்திரம். ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் 2017-இல், 1950 முதல் 2015 வரையிலான காலத்தில் அங்கே பரந்த நிலப்பரப்பில் பெய்யும் மிகக் கடுமையான மழை நிகழ்வுகள் மூன்று மடங்கானதைக் காட்டினார்கள்.

6. எங்க பக்கம் வருஷா வருஷம் மழை குறைஞ்சுட்டுத்தான் வருது. அப்போ இது எங்களுக்குப் பொருந்தாதா?

பொருந்தாது என்று உடனே சொல்லிவிட முடியாது. மொத்த மழை குறையும் இடத்திலும் உச்ச மழை கூடலாம். மத்தியதரைக் கடல் பகுதி சூடு ஏற ஏற வறண்டு வருகிறது. ஆனால் கடலின் மேற்பரப்பு சூடாக இருப்பதால், ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து சிக்கினால் அங்கே கொட்டும் மழை கொடியது. 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா மாகாணத்தில் உள்ள துரீஸில் 24 மணி நேரத்தில் 771.8 மி.மீ. பதிவானது.

ஆனால் 7 சதவீதம் என்பது எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி வரும் எண் அல்ல. நீராவி எவ்வளவு இருந்தாலும் காற்று மேலெழுந்தால்தான் மழை. காற்றோட்டப் பாதைகள் மாறும்போது சில இடங்களில் அந்த மேலெழுச்சி வலுக்கும், சில இடங்களில் தளரும். துணை வெப்பமண்டலக் கடல்களின் சில பகுதிகளில் பெருமழையே குறையலாம் என்று மாதிரிகள், அதாவது காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் நிரல்கள், காட்டுகின்றன. தூசும் புகையும் மிகுந்த காற்று சூரிய ஒளியை மறைத்து மழையை அடக்கி வைப்பதும் உண்டு. காற்று தூய்மையாகும்போது அந்த மறைப்பு விலகும்.

7. நாள் முழுக்க பெய்யுறதை விடுங்க. ஒரே மணி நேரத்துல கொட்டித் தீர்க்குதே, அது இன்னும் வேகமா கூடுதா?

பல இடங்களில் ஆம். நெதர்லாந்தின் டி பில்ட் நிலையத்தின் நீண்ட பதிவை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று, வெப்பமான நாட்களில் ஒரு மணி நேர உச்ச மழை ஒரு டிகிரிக்கு சுமார் 14 சதவீதம், அதாவது விதி சொல்வதைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஏறுவதைக் காட்டியது. நீராவி துளியாகும்போது வெளிவரும் வெப்பம்தான் காரணம் என்று கருதுகிறார்கள். 3-ஆம் பதிலில் அந்த வெப்பம் உலக மழைக்குத் தடையாக இருந்ததைப் பார்த்தோம். ஒரு இடிமேகத்துக்குள்ளே அதே வெப்பம் காற்றை இன்னும் வேகமாக மேலே தள்ளி, கீழிருந்து இன்னும் ஈரத்தை இழுக்க வைக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். சூடான நாளையும் குளிர்ந்த நாளையும் ஒப்பிட்டுக் கிடைக்கும் வேகம், பூமி முழுதும் சூடாகும்போது அப்படியே வரும் என்று உறுதி இல்லை. இரு மடங்கு என்பதை எல்லா ஊருக்கும் ஒட்டிவிடக் கூடாது. பழைய காலநிலை மாதிரிகள் நிலத்தைச் சுமார் 100 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிப்பவை. ஒரு இடிமேகம் அதற்குள் கண்ணுக்கே தெரியாது. இப்போது ஓரிரண்டு கிலோமீட்டர் கட்டம் வரை இறங்கிய மாதிரிகள் வந்திருக்கின்றன. குறுகிய நேரப் பெருமழை வலுப்பெறும் என்பதை அவை உறுதிப்படுத்துகின்றன.

இந்த வகை மழையை நான் மிகவும் அஞ்சுகிறேன். எச்சரிக்கைக்கே நேரம் இருக்காது. 2021 ஜூலை 20 அன்று சீனாவின் ஜெங்ஜோ நகரில் ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. பெய்தது. சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து பயணிகள் இறந்தார்கள்.

8. 1860-லயே சிரபுஞ்சியில உலக சாதனை மழை பெஞ்சிருக்கே. அப்போ ஏது இந்தப் புகை?

உண்மைதான். 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை அங்கே 26,461 மி.மீ. பெய்தது, 12 மாத மழையில் இன்றும் அதுதான் உலக சாதனை. 24 மணி நேர சாதனையும் பழையதுதான்: 1966 ஜனவரியில் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் ஒரு புயலின்போது 1,825 மி.மீ. பெருமழை எப்போதும் இருந்தது. இல்லை என்று யாரும் சொல்லவில்லை. உயர்ந்த மலையும் ஈரக்காற்றும் மோதும் ஒற்றை இடத்தின் சாதனை உலகப் போக்கைச் சொல்லாது. 5-ஆம் பதிலில் சொன்னபடி ஆயிரக்கணக்கான இடங்களில் எத்தனை முறை என்றுதான் எண்ண வேண்டும்.

9. போன வாரம் பெஞ்ச மழைக்குக் காலநிலை மாற்றம் காரணமா, இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

எந்த மழைக்கும் உடனடிக் காரணம் அன்றைய வானிலைதான்: ஒரு புயல், ஒரு தாழ்வு நிலை, நகராமல் நின்ற ஒரு மேகக் கூட்டம். வெப்பமான பூமி அந்த மழையை எவ்வளவு கூட்டியது, அப்படி ஒன்று வருவதற்கான வாய்ப்பை எத்தனை மடங்காக்கியது என்று கேட்டால் பதில் கிடைக்கும். இன்றைய காலநிலையையும் பூமி சூடாகாத ஒரு காலநிலையையும் பதிவுகள், மாதிரிகள் இரண்டிலும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்கிடுகிறார்கள்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் அமெரிக்காவின் டெக்சஸில் நாட்கணக்காக நின்று பெய்தது. ஓரிடத்தில் 1,539 மி.மீ. பதிவானது. அந்த மழையின் அளவைப் புவி வெப்பம் சுமார் 15 சதவீதம் கூட்டியது, வாய்ப்பைச் சுமார் மூன்று மடங்காக்கியது என்று ஓர் ஆய்வு கணித்தது. 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கையும் பெல்ஜியத்தையும் தாக்கிய மழையில் 3 முதல் 19 சதவீதம் கூடுதல்; வாய்ப்பு 1.2 முதல் 9 மடங்கு. இடைவெளி பெரிதாக இருக்கிறதே என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். அரிதான ஒன்றைப் பற்றி நேர்மையாகச் சொல்லும் எண் அப்படித்தான் இருக்கும். கீழ் எல்லையும் 1-க்கு மேலே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒவ்வொரு மழைக்கும் இப்படி விடை வராது. ஆராய்ந்து பார்த்ததில் தெளிவான தாக்கம் தென்படாத நிகழ்வுகளும் உண்டு. அதனால் எல்லா மழைக்கும் ஒரே காரணத்தைச் சொல்பவரையும், எதற்குமே அது காரணமில்லை என்பவரையும் நான் ஒரே மாதிரிதான் சந்தேகிக்கிறேன்.

10. நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழைன்னாங்க. அஞ்சு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை வந்துடுச்சே?

நூறாண்டு மழை என்றால் எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள மழை. வந்துபோனால் 99 ஆண்டு விடுப்பு என்று பொருள் இல்லை. 30 ஆண்டு ஒரு வீட்டில் வாழ்ந்தால் ஒருமுறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். நூறு ஆண்டுக் காலத்தில்கூட 63 சதவீதம்தான்.

இது காலநிலை மாறாமல் இருந்தால். அந்த 1 சதவீதம் பழைய பதிவிலிருந்து எடுத்தது. 4-ஆம் பதிலில் பார்த்ததுபோல் அரிதானவையே வேகமாகப் பெருகுகின்றன. பழைய நூறாண்டு மழை ஐம்பதாண்டு மழையானால் அதே 30 ஆண்டில் வாய்ப்பு 45 சதவீதமாகிறது. வீடும் ஊரும் அப்படியே இருக்க, ஆபத்து மட்டும் ஏறியிருக்கும்.

11. துபாய் வெள்ளத்துக்கு மேக விதைப்புதானே காரணம்?

இல்லை. 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓரிடத்தில் ஒரு நாளைக்கும் குறைவான நேரத்தில் 254.8 மி.மீ. பெய்தது; 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவே அதிகம். அதைக் கொண்டுவந்த பெரிய மழைமேகத் தொகுதியை நாட்கள் முன்பே கணித்திருந்தார்கள். ஓமனிலும் அது உயிர்களைப் பறித்தது. மேக விதைப்பு, ஏற்கெனவே இருக்கும் மேகத்தில் உப்புத் துகள் தூவி மழையைக் கொஞ்சம் தூண்டிப் பார்க்கும் முயற்சி. பல நூறு கிலோமீட்டருக்கு ஈரத்தைத் திரட்டும் வேலையை அதனால் செய்ய முடியாது. புயலின்போது விதைப்பு நடக்கவில்லை என்று அந்நாட்டு வானிலை மையமும் தெரிவித்தது.

12. பெருமழை கூடினா வெள்ளமும் அதே அளவு கூடும்தானே?

சிறிய நீரோடைகளிலும் நகரங்களிலும் வெள்ளமும் பெரும்பாலும் கூடவே செய்யும். அதே அளவு என்றில்லை, காரணத்தை 4-ஆம் பதிலில் பார்த்தோம். காங்கிரீட் மூடிய தரை எதையும் உறிஞ்சுவதில்லை. பெரிய ஆறுகளில் மழைக்கு முன் மண் எவ்வளவு ஈரமாக இருந்தது என்பது பெரிதாக விளையாடும். காய்ந்த மண் முதல் மழையை விழுங்கிக்கொள்ளும். ஐரோப்பிய ஆறுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், வடமேற்கில் ஆற்று வெள்ளம் கூடியிருந்தது. தெற்கிலும் கிழக்கிலும் குறைந்திருந்தது. தெற்கில் காய்ந்த மண் ஒரு காரணம், கிழக்கில் பனி குறைந்தது காரணம்.

பனி மலைகளில் நேர்மாறான ஆபத்து உண்டு. பனியாக விழுந்து மாதக்கணக்கில் தங்கி மெல்ல உருக வேண்டியது, மழையாக விழுந்து உடனே ஓடி வருகிறது. வட அரைக்கோளத்தின் உயரமான மலைகளில் உச்ச மழை ஒரு டிகிரிக்கு சுமார் 15 சதவீதம் ஏறும் என்று 2023-இல் ஓர் ஆய்வு கணித்தது.

மழை மட்டுமே சாவைத் தீர்மானிப்பதும் இல்லை. 2023 செப்டம்பரில் லிபியாவின் தெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் டேனியல் புயலின் மழையில் உடைந்ததால்தான் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பராமரிப்பு இல்லாத அணைக்கு வானத்தைக் குறை சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி.

13. இன்னைக்கே புகையை எல்லாம் நிறுத்திட்டா பழைய மழை திரும்பி வந்துடுமா?

வராது. கரியமில வாயு வெளியேற்றம் நிகர பூஜ்யமானால், அதாவது வெளிவிடும் அளவும் திரும்ப அகற்றும் அளவும் சமமானால், உலக வெப்பநிலை மேலும் ஏறுவது ஏறக்குறைய நிற்கும். ஏறியது சீக்கிரம் இறங்காது. பெருமழை வெப்பநிலையைத் தொடர்ந்து போவதால் அதுவும் அந்த அளவில் நிலைக்கும். 4-ஆம் பதிலில் உள்ள வரிசையில் நாம் எந்தப் படியில் நிற்கப் போகிறோம் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. 1.5-க்கும் 2-க்கும் நடுவே அரை டிகிரிதான், ஆனால் அந்த அரை டிகிரியில் பாதிக்கப்படுவோர் கோடிக்கணக்கில் இருப்பார்கள்.

14. சரி, வடிகால் கட்டுற பொறியாளர் எந்த எண்ணை வெச்சுக் கணக்குப் போடணும்?

பழைய மழைப்பதிவிலிருந்து வரும் எண்ணை மட்டும் வைத்து நிச்சயமாகக் கூடாது. இன்று கட்டும் வடிகால் 50, 60 ஆண்டு பயன்பாட்டில் இருக்கும். அதன் கடைசிப் பத்தாண்டின் மழைக்கும் அது ஈடுகொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் வெள்ளத் திட்டமிடலுக்கு உச்ச மழையின் மேல் இவ்வளவு சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அரசு அமைப்பே எண்கள் தருகிறது. குழாயைப் பெரிதாக்கிக்கொண்டே போவதும் விடை அல்ல. எந்தக் குழாய்க்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை மீறும் நாளில் தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கட்டும்போதே முடிவு செய்திருக்க வேண்டும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று சில மணி நேரத்தில் 100 மி.மீ.க்கு மேல் கொட்டி நகரம் மூழ்கியது. அடுத்த ஆண்டே அந்நகரம் ஒரு பெருமழைத் திட்டம் வகுத்தது. பூங்காக்களையும் திடல்களையும் தாழ்த்தித் தண்ணீரை அங்கே தேக்குவது, சில தெருக்களையே ஓடைபோல அமைத்துக் கடலுக்குத் திருப்புவது என்று வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. நூறாண்டு மழை பெய்தாலும் தெருவில் 10 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த இலக்கு.